மச்சானின் கறுப்பு டின்

நம்பச் சொல்லவில்லை. நடந்தது. சாட்சிக்கு லாரி இருக்கிறது. இன்றும் நான்தான் அதை ஓட்டுகிறேன்.

மச்சானும் நானும் ஒரே முதலாளியிடம் வேலை. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். இரண்டு லாரிக்கும் ஒரே வயது. என் இன்ஜின் ஆயிலைக் குடிக்கும், மேட்டில் மூச்சு வாங்கும். அவருடையது ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாது.

"எங்க அண்ணன் வண்டி வாசல்ல வந்து நின்னாக்கூட காதுல விழாது. நீங்க வர்றது அடுத்த தெருவுக்கே தெரியும்," என்பாள் மனைவி. சோறு இறங்காது.

காரணம் எனக்குத் தெரியும். ஒரு கறுப்பு டின். இன்ஜின் ஆயிலோடு கலக்கும் ஏதோ மருந்து. தன் வண்டிக்கு அவரே ஆயில் மாற்றுவார். கடைசியில் அந்த டின்னை எடுத்துச் சாய்ப்பார். நான் பார்க்கிறேனா என்று பார்ப்பார். பிறகு துணியில் சுற்றி சீட்டுக்கு அடியில் வைத்துவிடுவார்.

எங்கள் மெக்கானிக்குக் 'காது' என்று பட்டப்பெயர். நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டி, உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அவரிடம் கேட்டேன்.

"நல்ல ஆயில்ல வேண்டியதெல்லாம் கலந்துதான்யா வருது. மேல எதையாவது ஊத்தினா இருக்கிறதும் கெடும். நேரத்துக்கு ஆயில் மாத்து, ஃபில்டர் மாத்து. டின்னு விக்கிறவனுக்குத்தான் அதால லாபம்."

"அப்போ மச்சான் வண்டி?"

"அதைத் தொட விட்டாத்தானே சொல்றதுக்கு?"

அந்த மாதம் முதலாளி சொன்னார்: "புது வண்டி ஒண்ணு வருது. ரெண்டு பேர்ல எவன் இன்ஜினை நல்லா வெச்சிருக்கானோ, அவனுக்கு."

யாருக்கு என்று எல்லோருக்கும் தெரிந்தது. என் வயிறு எரிந்தது.

மச்சானுக்கு அந்த வாரம் குடலில் ஆபரேஷன். மனைவி ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தாள். விடுமுறை நாள், மதியம் இரண்டு பத்து. லாரிகள் நிற்கும் ஷெட்டைத் திறந்து உள்ளே போனேன். ஆள் இல்லை. தகரக் கூரை வெயிலில் முனகியது.

அவர் லாரியில் ஏறினேன். சீட்டுக்கு அடியில் கைவிட்டேன். டின் இருந்தது. கனமாக இருந்தது. ஆட்டினேன். நிறைந்திருந்தது.

இறங்கியிருக்கலாம். கேபினுக்குள் இருக்கும் இன்ஜின் மூடியின் மேல் கை பட்டது.

சுட்டது.

நான்கு நாளாக நகராத வண்டி.

மூடியைத் தூக்கினேன். இன்ஜினில் அசைவில்லை. சாவித் துளை காலி. டூல் பெட்டியில் கிடந்த நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்து, காது செய்வதைப் போல முனையை இன்ஜினில் வைத்துப் பிடியைக் காதில் ஒட்டினேன்.

ஓடிக்கொண்டிருந்தது...

சீராக. மெதுவாக. காதை எடுத்தேன். நிசப்தம். மறுபடி வைத்தேன். ஓடியது.

அந்த ஓட்டத்துக்கு அடியில் ஒரு இருமல். வறண்ட, நீளமான இருமல்.

பிறகு, மிகப் பக்கத்தில்...

"எடுத்துட்டுப் போ."

விழுந்தடித்து இறங்கினேன். டின் கையிலேயே இருந்தது. எறிந்துவிட்டு ஓடியிருக்க வேண்டும். பயம் இருந்தது. புது வண்டியில் மச்சான் உட்கார்ந்திருப்பதும் கண்ணில் தெரிந்தது.

என் இன்ஜினில் ஊற்றினேன்.

சத்தமில்லாமல் இறங்கியது.

பின்னால், மச்சான் வண்டியில்... டிக்... டிக்... சூடான இரும்பு ஆறுகிற சத்தம்.

நின்றது.

என் கைக்கு அடியில் இரும்பு சூடேறியது.

மறுநாள் என் வண்டியைக் கிளப்பினேன். ஓடுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. காது வாயைப் பிளந்தார். அன்று மாலை, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்த மனைவி கதவைத் திறந்து, "எப்ப வந்தீங்க?" என்றாள். அந்த ஒரு கேள்விக்காக எத்தனை வருடம் காத்திருந்தேன்!

மச்சான் வீடு திரும்பியதும் அவர் வண்டியைக் கிளப்பப் பார்த்தார்கள். அசையவில்லை. காது இன்ஜினைப் பிரித்தார்.

"ஆயில் மட்டும் புதுசா இருக்கு. பேரிங் எல்லாம் உருகி ஒட்டி, துரு ஏறிக் கிடக்கு. இது ஓடி வருஷக்கணக்காச்சு."

மச்சானிடம் போய் டின்னைப் பற்றிச் சொன்னேன். தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அதுவா? காலி டின்னு மாப்ளே! வண்டியோட வந்தது. நீ எட்டி எட்டிப் பாப்பியே, உன்னை வெறுப்பேத்தத்தான் சாய்ச்சுக் காட்டுவேன்."

"காலியா?"

"ஒரு சொட்டு கிடையாது. எனக்கு முன்னாடி ஓட்டினவரோடது. பாவம், சீட்டுலயே உயிர் போயிடுச்சாம். காலையில போய்ப் பாத்தா ஆள் விறைச்சுக் கிடக்காரு, இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்கு. கடைசி வரைக்கும் ஒரே இருமலாம்."

புது வண்டி வந்தது. முதலாளி சாவியை மச்சானிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அவன் வண்டி செத்துப்போச்சு. உன்னுதுதான் புதுசாட்டம் ஓடுதே, உனக்கு எதுக்குடா?"

நேற்று சிக்னலில் அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். புது இன்ஜின் தடதடவென்று உறுமியது. அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க எனக்கு வயிறெரிந்தது.

"என்ன மாப்ளே, இன்ஜின் ஆஃப் ஆயிடுச்சா?" என்று கத்தினார்.

சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

பச்சை விழுந்தது.

வண்டி நகர்ந்தது.