ஃபர்னஸ் ஸ்டார்ட் ஆகலை, கொஞ்சம் வர்றீங்களா?

சம்பளத்துக்கு நான் பார்த்தது கோபோல் புரோகிராம் வேலை. சம்பளமில்லாமல் பார்த்தது, நியூ ஜெர்சித் தமிழர் வீடுகளில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் பற்ற மறுத்தால் அதன் முன்னால் குப்புறப் படுக்கும் வேலை. தொண்ணூறுகளின் கடைசியில் எடிசன் பக்கம் பழைய வீடு வாங்கி, ஜனவரிக் குளிரில் பேஸ்மென்ட் படியில் போர்வையோடு நின்றவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

ஒருமுறை என் வீட்டு ஃபர்னஸ் நின்றபோது, மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருந்த தாளைப் படித்துக் குருட்டாம்போக்கில் ஓட வைத்துவிட்டேன். என் மனைவி அதைக் கோயிலில் இரண்டு பேரிடம் சொன்னாள். அன்றோடு போயிற்று என் சனிக்கிழமை. ரிப்பேர் கம்பெனி ஆள் ஷூவோடு பூஜை அறையைத் தாண்டிப் போவான். நான் செருப்பைக் கழற்றிவிட்டு வருவேன். ஈரோட்டில் சிலிண்டர் மாற்றும்போதே வாசலுக்கு ஓடிவிடுகிற ரகம் நான் என்பது இவர்கள் யாருக்கும் தெரியாது.

ஊருக்குப் போனால் கேஸை மூடு

முரளி குடும்பத்தோடு ஃப்ளோரிடா போய்விட்டுத் திரும்பியபோது வீடு ஐஸ் பெட்டியாக இருந்தது. ஃபர்னஸுக்குப் போகும் கேஸ் குழாயின் கைப்பிடி குறுக்கே திரும்பியிருந்தது. கரூரில் எப்போது ஊருக்குக் கிளம்பினாலும் சிலிண்டரை மூடுவார்களாம். முரளியின் மனைவி கீதா இங்கேயும் தேடிப்பிடித்து மூடிவிட்டுத்தான் விமானம் ஏறியிருக்கிறாள்.

திறந்தால் மட்டும் போதாது. உள்ளே எப்போதும் எரிய வேண்டிய சின்னச் சுடரைக் கையால் பற்றவைக்க வேண்டும். தாளில் சொன்னபடி காத்திருந்து, மோந்து மோந்து பார்த்து, சிமென்ட் தரையில் படுத்துத் தீக்குச்சியை நீட்டினேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு நீட்டியதில் குச்சிகள் வழியிலேயே அணைந்தன. பின்னால் நின்ற கீதாவுக்குப் பொறுமை போயிற்று. "தள்ளுங்கண்ணா, தினமும் விளக்கேத்தற கை இது."

அரிசி மூட்டை

ஸ்ரீதர் வீட்டில் ஃபர்னஸ் செத்த பிணமாகக் கிடந்தது. சுற்றிலும் அரிசி மூட்டைகள். ஒரு மூட்டை சாய்ந்து முன்மூடியை நகர்த்தியிருக்கிறது. மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் அந்த இயந்திரம் ஓடாது. மூட்டையை இழுத்துவிட்டு மூடியை இடுப்பால் ஒரு தள்ளு தள்ளினேன். அவ்வளவுதான், உள்ளே ஏதோ உறுமியது. நான் எகிறியதில் மேலே ஓடிய தகரக் குழாயில் தலை மோதியது. ஸ்ரீதர் சிரிக்கவில்லை, கவலையோடு கேட்டார்: "சார், நீங்களே பயந்தா நாங்க யாரைக் கூப்பிடறது?"

கணேசன் வீட்டுத் தலைவலி

கணேசன் அப்போதுதான் முதல் வீடு வாங்கியிருந்தார். ஃபர்னஸ் பற்றுகிறது, கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடுகிறது என்று கூப்பிட்டார். போனால், அவர் மனைவி வசந்தி தலையில் துணி கட்டி சோபாவில் படுத்திருந்தாள். நாலு வயது நித்யா வாந்தி எடுத்துவிட்டு, பட்டப்பகலில் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். "எல்லாருக்கும் ஃப்ளூ சார்" என்றார் கணேசன்.

கீழே போய்ப் பட்டனை அமுக்கினேன். பற்றியது. ஆனால் நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாக, சோம்பலாக, வெளியே நாக்கை நீட்டியது. பிறகு நின்றது; தானாக நிறுத்தும் ஸ்விட்ச் ஒன்று உள்ளே உண்டு. "நிறுத்தற அந்த ஸ்விட்ச்சை மட்டும் பைபாஸ் பண்ணிடலாமா சார்? குழந்தைக்குக் குளிருது" என்றார். எனக்கும் நெற்றிப்பொட்டு தெறிக்க ஆரம்பித்திருந்தது. மேலே வந்தால், ஃப்ரிட்ஜ் தலையில் இரண்டு அலாரங்கள், பேட்டரி இல்லாமல். ஒன்று புகைக்கு, ஒன்று கார்பன் மோனாக்ஸைடு என்ற மணமில்லாத விஷவாயுவுக்கு. மிளகாய் தாளித்தபோது ஒன்று கத்தியிருக்கிறது. எது என்று தெரியாமல் வசந்தி இரண்டையும் கழற்றிவிட்டாள்.

எனக்கு எதுவும் நிச்சயமாகத் தெரியாது. பயம் மட்டும் தெரிந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "எல்லாரும் வெளிய வாங்க" என்று கத்தினேன். தோளில் அவள் தலை துவண்டு கிடந்தது. அந்தக் கனத்தை என்னால் மறக்க முடியவில்லை. அவர்களைப் பனியில் நிறுத்திவிட்டு, அவசர உதவிக்கு நைன் ஒன் ஒன்னைக் கூப்பிடப் போகிறேன் என்றேன். கணேசன் என் கையைப் பிடித்தார். "வேணாம் சார், ஃபயர் என்ஜின் வந்தா தெரு பூராப் பார்க்கும்." உதறிவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி ஃபோன் கேட்டேன்.

வந்தார்கள். தெருவும் பார்த்தது. வாயுவை அளக்கும் கருவியோடு உள்ளே போனவர் முகம் மாறி வெளியே வந்தார். புகைபோக்கியைப் பறவைக் கூடு அடைத்திருந்ததாம்; விஷவாயு முழுக்க வீட்டுக்குள்ளேயே சுற்றியிருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே இருந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், வசந்தியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஆம்புலன்ஸில் ஆக்ஸிஜன் வைத்த பிறகு நித்யா கண்ணைத் திறந்து, "மம்மி, ஐ'ம் கோல்ட்" என்றாள். கணேசன் நடைபாதைப் பனியிலேயே உட்கார்ந்து அழுதார். நானும்தான். வெகுநேரம் கழித்து அவர் சொன்னார்: "நல்லவேளை சார், உங்களுக்கு ரிப்பேர் பண்ணத் தெரியலை."

அந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்றிதழ், வேலையை முடிக்காமல் ஓடிவந்ததற்குத்தான்.