மூன்று மணிக் கூட்டம்

மூன்று மணிக்கு அவர்கள் வரவில்லை. மலையில் நடந்தது காலையிலேயே நடந்து முடிந்திருந்தது. ஆனால் தொம்மலூரில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்கு எல்லாம் கெடத் தொடங்கியது அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குத்தான். கெடுகிறது என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. ஒரு தட்டில் பன்னும் இன்னொன்றில் காங்கிரஸ் கடலை என்கிற மசாலா நிலக்கடலையும் இருந்தன. நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் பகுதியில் மேம்பால வேலை பாதியில் நின்றுபோயிருந்த வருஷம் அது. என் மகள் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கல்லூரியில் சேர்ந்த வருஷமே என் மனைவி இறந்துபோனாள். அதன் பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். வார நாட்களில் அவளுக்குக் கம்ப்யூட்டர், வாரக் கடைசியில் ஜீப். தார் போட்ட சாலை முடிகிற இடத்தில்தான் அவளுக்கும் அவளுடைய நண்பர்களுக்கும் பயணம் தொடங்கும். சேறு, பாறை, ஓடை, இவற்றின் மேல் வண்டி ஏற்றுவதில் என்ன சந்தோஷம் என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அவள் சொன்ன பதில் எனக்கு ஒருமுறையும் விளங்கவில்லை.

அந்த வருஷம் அவர்கள் போக நினைத்தது சக்லேஷ்பூருக்கு அப்பால் ஒரு மலைப்பாதை. பழைய காபி எஸ்டேட் பாதை, வெகுகாலமாக வண்டி போகாதது. ஒரு பக்கம் சரிவாக மேலே ஏறும், மறுபக்கம் பள்ளம். நடுவில் ஓடைகள். மழை விட்டதும் மூன்று ஜீப்பில் போவதாகத் திட்டம். எங்கள் வீட்டு மேசை பெரியது என்பதால் கூட்டம் எப்போதும் இங்கேதான். நில அளவை வரைபடத்தின் ஜெராக்ஸை விரித்து நான்கு மூலையிலும் டம்ளர் வைப்பார்கள். ஜீப்புகளுக்குப் பதில் தீப்பெட்டிகள். எந்த வண்டி முன்னால், எது கடைசியில், ஓடையில் ஒன்று சிக்கினால் எது இழுக்கும் என்று தீப்பெட்டிகளை நகர்த்தி நகர்த்திச் சண்டை போடுவார்கள்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. எல்லோரும் போவதற்கு முன்னால் இரண்டு பேர் ஒரே வண்டியில் போய்ப் பாதையைப் பார்த்துவிட்டு வர வேண்டும். மரம் விழுந்திருக்கிறதா, மண் தாங்குமா என்று பார்த்து வந்து அவர்கள் சொன்ன பிறகுதான் திட்டம் முடிவாகும். இந்த முறை போனது என் மகளும் அடுகோடிப் பையனும்.

அடுகோடியில் அவனுக்குச் சொந்தமாக ஒரு வண்டிப் பட்டறை இருந்தது. என் மகளின் ஜீப்பை ராணுவ ஏலத்தில் எடுத்துப் பிரித்துச் சேர்த்துக் கொடுத்தவன் அவன்தான். அவர்களில் நன்றாக ஓட்டுகிறவனும் அவனே. ஒரே குறை, எங்கேயும் நேரத்துக்கு வர மாட்டான். அதனால் அவனுக்கு மட்டும் நேரத்தை இரண்டு மணி முன்னால் தள்ளிச் சொல்லத் தொடங்கினார்கள். கொஞ்ச நாளில் அதை அவன் கண்டுபிடித்துவிட்டான். "மூணுன்னு சொன்னா அஞ்சுன்னு எனக்குத் தெரியாதா மச்சா? சும்னே எதுக்கு பொய் சொல்றீங்க?" என்று இரண்டு மணி கூட்டிக்கொண்டே வந்தான்.

"உன் கல்யாணத்துக்கு முகூர்த்தத்த முந்தின நாளே வெக்கணும்டா," என்றாள் என் மகளின் அலுவலகத் தோழி ஒருமுறை.

"நான் வராம எப்படித் தாலி கட்டுவாங்க? வெயிட் பண்ணுவாங்க."

இப்படியே போய், அவன் இருக்கிற எந்தக் காரியத்திலும் மூன்று என்றால் ஐந்து என்பது அவர்களுக்குள் எழுதாத கணக்காகிவிட்டது.

என் கணக்கு வேறு. சொன்ன நேரத்துக்குக் கால் மணி கழிந்தாலே நான் வாசலுக்குப் போய் நின்றுவிடுவேன். ஒருமுறை கோலார் பக்கம் டயர் பஞ்சராகி அவர்கள் தாமதமானபோது, நான் வழியிலிருந்த போலீஸ் ஸ்டேஷனுக்கே போன் போட்டுவிட்டேன். ஒரு கான்ஸ்டபிள் மொபெட்டில் தேடி வந்து, "யாரம்மா அது, உங்கப்பா அழறாரு," என்று கன்னடத்தில் சொன்னாராம். அதிலிருந்து எனக்குக் கண்ட்ரோல் ரூம் அங்கிள் என்று பெயர். அதைச் சொல்லிச் சொல்லி அதிகம் சிரித்தவன் அடுகோடிப் பையன்தான். "அப்பா, கவலப்படறதுக்கும் ஒரு டைம் டேபிள் வெச்சுக்கோங்க," என்பாள் என் மகள். இப்போதெல்லாம் நான் கவலைப்பட்டால் யாரும் சிரிப்பதில்லை. அது எனக்கு நல்லதாகப் படவில்லை.

இருவரும் சனிக்கிழமை விடிவதற்கு முன் கிளம்பினார்கள். அன்றிரவு எஸ்டேட்டில் தங்கி, ஞாயிறு காலை பாதையில் ஏறி, மறுபக்கமாக நெடுஞ்சாலையில் இறங்கி, மூன்று மணிக் கூட்டத்துக்கு நேராக வீட்டுக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. திரும்ப எஸ்டேட்டுக்குப் போக வேண்டியதில்லை. அதனால் அவர்கள் கீழே இறங்கவில்லை என்பது எஸ்டேட்டில் இருந்தவர்களுக்குத் தெரிய வழியில்லை. அதைத் தெரிந்துகொள்ளக்கூடிய ஒரே இடம் எங்கள் மேசைதான்.

நான்கு மணிக்கு நான், "எஸ்டேட்டுக்கு ஒரு போன் போட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டேன்.

மேசையில் இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். கேலிதான், கெட்ட எண்ணத்தில் இல்லை. குழுவில் மூத்தவன் என் தோளில் கை வைத்தான். கூட்டங்களை நடத்துகிறவன் அவன்தான். "அங்கிள், யார் கூடப் போயிருக்கா? இன்னும் அவனோட மூணு மணியே ஆகல."

"அவன் லேட் பண்ணுவான். என் பொண்ணு பண்ண மாட்டாளே."

"ஸ்டியரிங் அவன் கையில இருக்கே அங்கிள்."

மறுபடி சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது. இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் அப்படிச் சிரிக்கும்போது நம் பயம் நமக்கே வெட்கமாக இருக்கும்.

ஐந்தும் ஆனது. அவர்கள் இல்லாமலேயே தீப்பெட்டிகளை வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். யார் கயிறு கொண்டுவருவது, யார் அரிசி, ஓடைக்கு அந்தப் பக்கம் கூடாரம் போடலாமா என்றெல்லாம் பேச்சு ஓடியது. கடைசித் தீப்பெட்டி அவனுடையது. அதை வைத்துவிட்டு மூத்தவன் அடுகோடிப் பையனின் கைப்பேசிக்குப் போட்டுப் பார்த்தான். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. "வழியில பஜ்ஜி சாப்பிட்டுட்டிருப்பான் நாய்," என்றான். நான் வாசலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருந்தேன். "அங்கிள், உக்காருங்க, தல சுத்துது," என்றாள் தோழி.

அவளே ஏழு மணிக்கு விளக்குப் போட எழுந்தவள், சுவிட்சில் கை வைத்தபடி நின்றாள். "அவ ஒரு போனாவது பண்ணியிருப்பாளே," என்றாள். யாருக்கென்று இல்லாமல், மெதுவாக. நான் எஸ்டேட்டுக்குப் போன் போட்டேன்.

எஸ்டேட் கணக்கர் போனை எடுத்தார். "காலையிலேயே ஏறிப் போனாங்களே. ஊர் போய்ச் சேரலியா?" என்றார். மேலே மழை என்றும் சொன்னார். ஆட்களை டார்ச்சோடு அனுப்புகிறேன் என்றார். மூன்று பேரும் இரண்டு ஜீப்பில் கிளம்பினார்கள். நானும் செருப்பை மாட்டினேன். "இந்த நம்பரத்தான் எல்லார்கிட்டயும் குடுத்திருக்கோம். போன் பக்கத்துல ஒருத்தர் இருக்கணும் அங்கிள்," என்று மூத்தவன் சொன்னான். இப்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர்கள் போய்க் கொஞ்ச நேரத்தில் விஷயம் கேள்விப்பட்டு அடுகோடியிலிருந்து அந்தப் பையனின் அம்மா ஆட்டோவில் வந்தார். அதற்கு முன் நாங்கள் சந்தித்ததில்லை. போனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எனக்குத் தைரியம் சொன்னார்.

"பயப்படாதீங்கண்ணா. அவன் பொறக்கும்போதே பத்து நாள் லேட்டு. டாக்டரம்மாவே பயந்துட்டாங்க. நான் பயப்படல. ஸ்கூலு, பரீட்ச, அவங்கப்பா காரியம், எல்லாத்துக்கும் லேட்டுதான். ஆனா வந்துடுவான்."

விடியும்வரை அதையே வேறு வேறு விதமாகச் சொன்னார். நான் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த இரவைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

போன் காலையில் வந்தது. மூத்தவன்தான்.

"அங்கிள், அவ நல்லா இருக்கா. தோள்பட்ட எலும்பு. ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டாச்சு. கூட்டிட்டு வர்றோம்."

"அவன்?" என்றேன்.

"அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்காங்க."

"நாங்க வந்துடறோம் அங்கிள்."

போனை வைத்தேன். அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "கிடைச்சிட்டாங்களா? ரெண்டு பேருமா?"

"என் பொண்ணுக்கு அடிபட்டிருக்காம். கட்டுப் போட்டிருக்காங்களாம்," என்றேன்.

அவர் எழுந்து மேசையிலிருந்த எச்சில் டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் போட்டுக் கழுவத் தொடங்கினார். இருக்கட்டும்மா என்று சொன்னேன். தண்ணீர்ச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது. சுத்தமானதையும் மறுபடி எடுத்துக் கழுவினார். என் மகள் பிழைத்த சந்தோஷம் என் நெஞ்சில் இருந்தது. அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

நடந்தது பிறகுதான் கோர்வையாகத் தெரிந்தது. இறங்கும்போது பாதையின் ஓரம், பார்ப்பதற்கு உறுதியாக இருந்த இடம், அப்படியே உள்வாங்கியிருக்கிறது. வண்டி உருண்டது. என் மகள் வெளியே தூக்கி எறியப்பட்டாள். அவன் வண்டிக்கு அடியில். இடுப்புக்குக் கீழே மாட்டிக்கொண்டிருந்தான், நினைவு தெளிவாக இருந்தது. ஒரு கையை வைத்துக்கொண்டு அவளால் எதையும் அசைக்க முடியவில்லை. தனியே விட்டுப் போகவும் மனம் வரவில்லை. கத்திக் கத்திக் குரல் போனது. எஸ்டேட் ஆட்கள் அவர்களைக் கண்டுபிடித்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆரம்பித்திருக்கிறார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் முடிக்கவில்லையாம்.

திங்கட்கிழமை மதியம் தாண்டி வாசலில் ஜீப் வந்து நின்றது. மூத்தவன் ஓட்டி வந்திருந்தான். முன் இருக்கையிலிருந்து என் மகள் இறங்கினாள். கை நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தது, தலைமுடியில் சேறு காய்ந்திருந்தது. பின்னாலிருந்து யாரும் இறங்கவில்லை. அந்த அம்மா வாசற்படியில் நின்றபடி ஜீப்பின் பின்பக்கத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

நான் இரண்டடி முன்னால் போனேன். என் மகள் என்னைத் தாண்டி அவரிடம் போனாள். நல்ல கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். குரல் கரகரவென்று, பாதி காற்றாக வந்தது.

"அம்மா, இருட்டற வரைக்கும் பேசிட்டே இருந்தான். அவன்தான் எனக்குத் தைரியம் சொன்னான். 'அழாத, மூணு மணி மட்டும் ஆகட்டும், உங்கப்பா சும்மா இருக்க மாட்டாரு, ஆள் அனுப்பிடுவாரு'ன்னு. அதையே சொல்லிட்டிருந்தான்மா."