கறுப்புத் திரை அக்கா

பெட்டியின் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பாள், காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல. பிறகுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாள். கண் மருத்துவமனையின் பின்னறையில் இருக்கும் அந்த சர்வரை அவள் ஒருநாளும் ஐகானைத் தட்டிக் கிளப்பியதில்லை. கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையைத் திறந்து, "ஜாவா... இடைவெளி... கோடு... ஜார்..." என்று உதடு அசைய ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுவாள். வரவேற்பறைப் பெண்கள் வைத்த பெயர், கறுப்புத் திரை அக்கா.

"ஐகான் ஊமைங்க. விழுந்தா விழுந்ததுதான். இது ஏன் விழுந்தேன்னு வாய் திறந்து சொல்லும்" என்பாள். மாமியாரிடம் அவளுக்குப் பிடித்ததும் அதுதான். "திட்டுவாங்க. ஆனா எதுக்குன்னு சொல்லிட்டுத் திட்டுவாங்க."

பிள்ளைகளுக்காக விட்ட வேலைக்கு, நரை எட்டிப் பார்க்கும் வயதில் திரும்பியவள். கழுத்து அட்டையில் 'தற்காலிகம்' என்றிருக்கும். அந்தப் பக்கம் எப்போதும் நெஞ்சோடு ஒட்டியே கிடக்கும். நோயாளிகளின் பெயரை ஒவ்வொரு டாக்டரின் திரைக்கும் அனுப்பும் கணினி நிரல் அவள் எழுதியது. அது உண்மையான நோயாளிகளுக்காக முதன்முதலில் ஓட வேண்டிய காலை.

"கிளம்பலைன்னா பழைய சாஃப்ட்வேர் கம்பெனியையே கூப்பிட்டுடுவேன்மா" என்று பெரிய டாக்டர் கைபேசியோடு பின்னால் நின்றார்.

என்டரைத் தட்டினாள். திரையில் பிழைகள் வரிவரியாகக் கொட்டின. டாக்டர் கைபேசியைக் காதுக்குக் கொண்டுபோனார்.

"இருங்க டாக்டர், சொல்லுது பாருங்க. நாம கேட்ட கதவுல, அதான் போர்ட்டுல, ஏற்கெனவே யாரோ உக்காந்திருக்காங்களாம்."

"யாரும்மா அது?"

திரையில் திறந்து கிடந்தவற்றை ஒவ்வொன்றாக ஒதுக்கினாள். அடியில் இன்னொரு கறுப்புத் திரை. காலையில் வந்ததும், பதற்றத்தில் அவளே ஒத்திகைக்குக் கிளப்பிவிட்டு மூட மறந்த அதே நிரல், ராஜா மாதிரி ஓடிக்கொண்டிருந்தது! வெடித்துச் சிரித்தாள். கண்ணில் நீர் வேறு.

"என் புள்ளதான் டாக்டர்! பெத்தவளுக்கே இடம் தர மாட்டேங்குது!"

"ஓடுதுல்ல, அப்படியே விட்டுடும்மா."

"இதுல இருக்கறதெல்லாம் நான் போட்ட பொய்ப் பேரு. ஒத்திகைய கல்யாணம்னு சொல்லலாமா?"

ஓடியதைத் தன் கையாலேயே நிறுத்தினாள். மறுபடியும் முதல் எழுத்திலிருந்து தட்டினாள். என்டர். வரிகள் சரசரவென்று ஏறி, நின்றன.

"அக்கா!" வரவேற்பறையிலிருந்து ஓர் அலறல். "பேரு போயிடுச்சுக்கா! எல்லா ரூம்லயும் வந்துடுச்சு!" கைதட்டல் கூடம் முழுக்க அதிர்ந்தது. ஏனென்று தெரியாமலே நோயாளிகளும் தட்டினார்கள்.

டாக்டர் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டார். "அந்த அட்டைய மாத்தித் தரச் சொல்றேன்மா."

அவள் அதைக் கழுத்திலிருந்து கழற்றினாள். 'தற்காலிகம்' மேலே தெரியும்படி மேசையில் வைத்தாள். ஆறிப்போன காபிக் கோப்பையைத் தூக்கி, அதன்மேல் நிதானமாக வைத்தாள்.