ரோட்டைத் தாண்டிய கன்று

அவருக்குப் பட்டப்பெயர் ‘சட்டம்’. சும்மா வைப்பார்களா? நோய் அபாயப் பகுதியில் பால் பண்ணை நடத்த அரசு கொடுத்த அனுமதிச் சீட்டுக்குக் கண்ணாடி போட்டு வாசலில் மாட்டியிருந்த மனிதர். மருந்துத் தண்ணீரில் காலை நனைக்காமல் சொந்த மச்சானைக்கூட உள்ளே விடமாட்டார். “என்னையே ரெண்டு தடவை கால் நனைக்க வச்சுத்தான் கட்டிக்கிட்டாரு” என்பாள் மனைவி.

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் தங்கையின் கொட்டகை. புருஷன் போனபின் மாடுகளை நம்பியே இரண்டு பெண்களைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

கோமாரி நோய் பரவிய சமயம் அது. பர்மிட் இல்லாமல் ஒரு மாடு பண்ணையை விட்டு நகரக்கூடாது. டாக்டர் ரத்தம் எடுத்துச் சோதித்தபின்தான் பர்மிட். மீறினால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் பண்ணை அனுமதியே ரத்து. மறுபடி கிடைக்கவே கிடைக்காது.

அந்த நேரம் பார்த்துத் தங்கையின் செவலைப் பசு செத்த கன்றை ஈன்றது. கன்று ஊட்டாமல் அது பாலை இறக்காது. மடி கல்லாக வீங்கி, ராப்பகலாகக் கத்தியது. இவரிடமோ தாயை இழந்த கன்று ஒன்று இருந்தது.

“அண்ணே, அந்தக் கன்னைக் கொஞ்சம் விடேன். ஊட்டினா மடி இறங்கிடும்.”

“பர்மிட் போடு.”

“அது வர்றதுக்குள்ள மாடு போயிடும்ணே.”

“அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?”

வாய்தான் அப்படிப் பேசியது. அந்தக் கத்தலைக் கேட்டுக் கேட்டு மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மத்தியானம் கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைத் தாண்டிவிட்டார். இத்தனூண்டு ரோட்டுக்கு என்ன பர்மிட் என்று தனக்குத்தானே சமாதானம் வேறு! செவலை கன்றை நக்கியது, பால் இறங்கியது. அண்ணனும் தங்கையும் சின்னப் பிள்ளைகள் மாதிரிச் சிரித்தார்கள்.

ஒரு வாரத்தில் கன்றின் வாயில் நுரை. அடுத்து செவலைக்கு, அப்புறம் எல்லாவற்றுக்கும். நோய் இவர் கொட்டகையிலிருந்துதான் போயிருக்கிறது. பாவி மனிதர், பர்மிட் கேட்டிருந்தால் அந்த ரத்தச் சோதனையிலேயே தெரிந்திருக்கும், தங்கையின் மாடுகளாவது பிழைத்திருக்கும். உத்தரவு வந்தது. இரண்டு கொட்டகையிலும் ஒன்று விடாமல் ஊசி போட்டுச் சாய்த்தார்கள்.

“கன்னு இங்க எப்படி வந்துச்சு?” என்று கேட்டார் டாக்டர்.

“அண்ணன் இல்லாத நேரமாப் பார்த்து நான்தான் தூக்கிட்டு வந்தேன். அவருக்கு எதுவும் தெரியாது” என்றாள் தங்கை.

அவர் குறுக்கே வந்தார். “பொய் சொல்றா, டாக்டர். நான்தான் கொண்டாந்து விட்டேன்.”

“யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“ஆமா.”

டாக்டர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஒவ்வொரு மாட்டின் கழுத்தையும் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஊசி இறங்கும்போதெல்லாம் பல்லைக் கடித்து நின்றவள், இப்போது சிமெண்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

“உன்னை யாருண்ணே கேட்டா? என்னோடது எப்படியும் போச்சு. நீ மறுபடி மாடு வாங்குவே, எனக்கும் அங்க ஒரு வேலை குடுப்பே, பிள்ளைங்க படிப்பை முடிச்சிடலாம்னு இருந்தேனே!”

அது அவர் புத்திக்கு எட்டவே இல்லை. தங்கையைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் வாயைத் திறந்தார்.