வாசனையில் விழுங்கிய ஆடு

எங்கள் தீவின் கடற்கரை ஓட்டலில் செகா ஆட்டம் தொடங்குமுன் ராவான் மேளத்தைத் தீயில் காய்ச்சினார்கள். அந்த ஆட்டுத்தோல் வாசனை என்னை நேராக எங்கள் ரோஸ் பெல் ஊருக்கு, இன்று பெட்ரோல் பங்க் நிற்கும் இடத்தில் அன்று இருந்த தாந்தின் மாரி அத்தையின் தகரக் கொட்டகை ரம் கடைக்குக் கொண்டுபோய்விட்டது. சனிக்கிழமை மாலைகளில் அங்கே மிளகாய் வடை பொரியும் சத்தத்துக்குப் பாட்டுக்காரர்களின் இரும்பு முக்கோணம் கிணிகிணியென்று பதில் சொல்ல, கரும்புத் தோட்டத்து ஆட்கள் ஒரு கையில் ரம்மும் மறு கையில் தாளமுமாக உட்கார்ந்திருப்பார்கள்.

மாமா என்னை அழைத்துப்போன மாலை நான் காவடி விரதத்தில் இருந்தேன். முதல்முறையாகப் பால்செம்பு தூக்கப்போகிறேன். விரதம் கெட்டால் பால் திரிந்து ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும். வடையை மட்டும் சமர்த்தாகத் தின்றுகொண்டிருந்தபோது கொல்லைப்பக்கம் ஆட்டு வாசனை கிளம்பியது, நாக்கில் எச்சில் ஊறியது, யோசிக்காமல் விழுங்கிவிட்டேன். அவ்வளவுதான், முழு ஆடு ஒன்று என் வயிற்றில் நின்று கத்தியது.

துப்புவதற்குக் கொல்லைக்கு ஓடினால் அங்கே சட்டியும் இல்லை, கறியும் இல்லை. நாங்கள் தோந்தோன், அதாவது சித்தப்பா, என்று கூப்பிடும் மேளக்காரர் கபிரியேல் கரும்புச் சோகைத் தீயில் ராவானைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அய்யோ, என்னடா பயலே?"

"வாசனையை முழுங்கிட்டேன், தோந்தோன்! தோல் சைவமா, அசைவமா?"

அவர் மேளத்தை ஒரு தட்டுத் தட்டினார். "உங்க காவடிக்கு முன்னால அடிச்சிக்கிட்டுப் போறாங்களே, அது என்ன, பூசணித் தோலா?"

நான் உள்ளே போய், பாட்டு முடியும்வரை வயிறு நிறைய மூச்சிழுத்தேன்.