படகோட்டத் தெரியும் என்று எழுதியவன்

ஏப்ரல் பிறந்தால் சிட்னியில் இலையுதிர்காலம் என்கிறார்கள். ஊரில் புழுக்கம் தாங்காமல் சட்டையைக் கழற்றி எறிகிற மாதத்தில் இங்கே கம்பளிச்சட்டை தேடவேண்டியிருக்கிறது. அதுவும் போகட்டும். ஹோக்ஸ்பரி ஆற்றின் இரு கரையிலும் நிற்கிற யூகலிப்டஸ் மரங்கள் இலை உதிர்த்தபாடில்லை, பேருக்குத்தான் இலையுதிர்காலம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மரங்களைக் குறைசொல்லும் யோக்கியதை எனக்கு இருக்கவில்லை. நானும் பேருக்குத்தான் படகோட்டி.

வந்த வினை இதுதான். வேலை விண்ணப்பத்தில் 'பொழுதுபோக்கு' என்றொரு கட்டம் இருந்தது. நித்திரை என்று எழுதப் போனேன், மனைவி விடவில்லை. "செயிலிங் எண்டு எழுதுங்கோ. வெள்ளைக்காரருக்குப் பிடிக்கும். ஊரில உங்கட வீட்டிலையிருந்து கடல் அரை மைல் தூரம்தானே?" எழுதினேன். கட்டட வரைபடம் வரைகிற வேலை கிடைத்தது, மூன்று மாதம் பார்த்துத்தான் நிரந்தரமாக்குவோம் என்ற நிபந்தனையோடு. அந்த மூன்றாவது மாதக் கடைசியில் மேலாளர் பீட்டர் ஞாயிற்றுக்கிழமை தன் பாய்மரப் படகுக்கு என்னைக் கூப்பிட்டார். வேலை அவர் கையில். வரமாட்டேன் என்று சொல்ல எனக்கென்ன விசரா?

அவர் வெறுங்காலோடு நின்றார். நான் கழுத்துப்பட்டியும் தோல் சப்பாத்துமாகப் போய் இறங்கினேன். ஆறு அழகாக இருந்ததாம், பிறகு பீட்டர் சொன்னார். நான் பாயையும் கயிறுகளையும் பார்த்து வேர்த்துக்கொண்டிருந்தேன். சுக்கானை என்னிடம் தந்துவிட்டு அவர் தேநீர் ஊற்றப் போனார். வலப்பக்கம் போகவேண்டுமென்று வலப்பக்கம் தள்ளினேன். சுக்கானைத் தள்ளுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம்தான் படகு திரும்பும் என்று யாருக்குத் தெரியும்? படகு இடப்பக்கம் போய்ச் சேற்றுத்திட்டில் ஏறி நின்றது.

"நீ ஒருநாளும் படகு ஓட்டியதில்லை, அப்படித்தானே?" என்றார் ஆங்கிலத்தில்.

"இல்லை."

சிரித்தார். கழுத்துப்பட்டியைக் கண்டபோதே தெரியுமாம். வேலை வியாழக்கிழமையே நிரந்தரமாகிவிட்டதாம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனிதர் அதோடு விட்டிருக்கலாம். "தீவில் பிறந்து கடலருகே வளர்ந்தவன், ஏன் பழகவில்லை?" என்று கேட்டார்.

"அம்மாவுக்குத் தண்ணீரென்றால் பயம்" என்றேன். முதல் பொய் வயிற்றுப்பாட்டுக்கு. இது வெட்கத்துக்கு.

அம்மாவுக்கு ஒரு பயமும் இல்லை. படகு ஓட்டுவது எங்கள் சாதிக்கு ஆகாத வேலை, அவ்வளவுதான். மீன் கொண்டுவரும் அந்தோனியை நாங்கள் வாசல் படலைக்கு உள்ளே விட்டதில்லை. என்னிலும் இருபது வயது மூத்தவர், 'நீ' என்றுதான் பேசுவேன். எண்பத்தைந்தில் இராணுவத்திடமிருந்து உயிர்தப்பி இராமேஸ்வரம் போக அவருடைய படகுதான் கிடைத்தது. என் காற்சட்டை நனையாமல், இடுப்பளவு தண்ணீரில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய் ஏற்றினார். "கவனம் தம்பி" என்றார். நான் நன்றிகூடச் சொல்லவில்லை. இதையெல்லாம் பீட்டருக்கு எந்த ஆங்கிலத்தில் சொல்வது?

பீட்டர் இறங்கித் தள்ளப் போனார். அவரை முந்திக்கொண்டு நான் குதித்தேன். குளிரில் கால் விறைத்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். படகு அசைந்தது, மிதந்தது, காற்றைப் பிடித்துக்கொண்டு போயே போய்விட்டது. வட்டமடித்து வருவதாகப் பீட்டர் சைகை காட்டினார். எனக்கு நீந்தத் தெரியாது. கரையும் எட்டம், படகும் எட்டம். கால்கள் சேற்றில் புதைய, இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, "அந்தோனியண்ணை" என்றேன். அந்த மனிதரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.