ஊடு சிறுசுங்க

பழனாத்தாளின் பணிவான பேச்சுதான் அவள் அண்ணனை ஜெயிலில் கூடுதல் காலம் உட்கார வைத்தது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. இலை நிறையப் பரிமாறிவிட்டு, "ஒண்ணுமே செய்யலீங்க, கோவிச்சுக்காதீங்க" என்று கையைப் பிசைகிற ஊர் இது. மாடி வீடு கட்டியவன்கூட, "ஏதோ ஒரு குடிசைங்க" என்பான்.

அண்ணன் ஐயாசாமி தாராபுரத்துப் பக்கம் பண்ணயம் பார்த்தவர். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் பங்காளி ஒருவரை மண்வெட்டியால் அடித்துவிட்டார். அடிபட்டவர் பிழைக்கவில்லை. ஆயுள் தண்டனை ஆகி இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அதற்குள் பெற்றவர்கள் போனார்கள், உழுத காடும் கைவிட்டுப் போயிற்று. மிச்சம் இருந்தது தங்கை ஒருத்தி. செத்தவரும் சொந்தம்தான், அவருக்கும் பிள்ளைகள் இருந்தன என்பதைப் பழனாத்தாள் ஒருநாளும் மறக்கவில்லை. ஆனாலும் கூடப் பிறந்தவரை விட்டுவிட முடியுமா? போத்தனூரில், காலமான புருஷனின் ஓட்டு வீட்டில் இருந்துகொண்டு, பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்துக்கொண்டு, தவறாமல் ஜெயிலில் மனுப் போட்டு அண்ணனைப் பார்த்து வந்தாள்.

தண்டனையைக் குறைத்து விடுதலை செய்யச் சொல்லி ஐயாசாமி விண்ணப்பித்தார். அப்படிக் கேட்பவரை வெளியே வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்று நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கே வந்து விசாரிப்பார். வந்தவர் கடற்கரை மாவட்டத்துக்காரர், நல்ல மனிதர். பழனாத்தாளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

"வாங்க சாமி, உக்காருங்க. உக்காரக்கூட எடமில்லாத ஊடுங்க."

"உங்க அண்ணன் வந்தா இங்கதான் இருப்பாரா?"

"இந்த எலிப்பொந்துல அவரு எங்கீங்க இருக்கறது! எங்களுக்கு என்னங்க தெரியும், பெரியவங்க நீங்க பாத்துச் செஞ்சாச் செரிங்க."

சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு. அண்ணனுக்குக் கட்டில் எந்தச் சுவரோரம் என்றுகூட மனதுக்குள் முடிவாகியிருந்தது. நம்மூர்க்காரராக இருந்தால் அந்தச் சிரிப்பைப் பார்த்தே சம்மதம் என்று எழுதிக்கொண்டு எழுந்திருப்பார். அவரோ கேட்டதைக் கேட்டபடி எழுதிக்கொண்டு, காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

விண்ணப்பம் தள்ளுபடி ஆனது. வக்கீல் மெர்சி உத்தரவைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"வீட்டுல இடமில்ல, ஏத்துக்கக் குடும்பத்துக்கு விருப்பமில்லன்னு போட்டிருக்குதுங்கம்மா. நீங்களா சொன்னீங்க?"

"ஐயோ, ஒரு மருவாதைக்குப் பேசுனதுங்க அது!"

அடுத்த முறை ஜெயிலுக்குப் பார்க்கப் போனபோது அண்ணன் திட்டியிருந்தால்கூடத் தேவலை. கம்பிக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டு, "ஊடு அத்தன சிறுசா அம்மணி?" என்று மட்டும் கேட்டார். அவரும் நம்மூர்க்காரர்தான். ஆனால் அத்தனை வருஷம் உள்ளே இருந்தவருக்கு எழுத்தில் வந்ததுதான் நிஜம். திரும்பி வரும்போது பழனாத்தாள் பஸ்ஸில் முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு அழுதாள். அண்ணனை வேண்டாம் என்று சொன்ன தங்கை ஆகிவிட்டோமே என்பதுதான் அவளை அறுத்தது.

மெர்சி மறுபடியும் மனு எழுதினாள். இந்த முறை விசாரிக்க வந்தது ஷ்ரவ்யா என்ற சின்ன வயது அலுவலர். "மனசுல இருக்கறத அப்படியே சொல்லுங்க" என்று மெர்சி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஆனால் பிறவிக் குணம் எங்கே போகும்?

"வாங்க கண்ணு, ஊடு சிறு..."

அதோடு பழனாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஷ்ரவ்யாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். சுவரோரம் கட்டில், அதன்மேல் பிரிக்காத பவானி ஜமக்காளம்.

"நல்ல ஊடுங்க. பெரிய ஊடு. இது எங்கண்ணனுக்கு. என்ற சம்பளத்துல ரெண்டு பேரும் தாராளமாச் சாப்புடலாம். அவரு எனக்கு வேணும். பெரியவங்க பாத்துச் செய்யுங்கன்னு சொல்ல மாட்டேன், அவர எங்கூட அனுப்பிப்போடுங்க."

வாழ்நாளில் யாரிடமும் எதையும் இப்படிக் கேட்டதில்லை. வெட்கத்தில் காது சுட்டது. ஷ்ரவ்யா எழுதி முடிக்கும்வரை சேலை நுனியைத் திருகிக்கொண்டே நின்றாள். பிறகு காப்பி கொடுத்தாள். "நல்லாருக்குங்கம்மா" என்றதும், "ஆமாங்க, நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லித் தானே திடுக்கிட்டாள்.

முடிவு வர மாசக்கணக்கில் இழுத்தது. செத்தவரின் மகனையும் கேட்டார்கள். அவர் ஆட்சேபம் இல்லை என்றுவிட்டார். அதைக் கேட்ட அன்று பழனாத்தாளுக்குச் சோறு இறங்கவில்லை.

விடுதலையான ஐயாசாமி துணிப்பையோடு வாசலில் வந்து நின்றார். கதவு திறந்துதான் கிடந்தது. யாராவது உள்ளே போகச் சொல்ல வேண்டும் என்பதுபோல நின்றார்.

"உள்ள வாங்கண்ணா."

வழக்கமான வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். அவர் உள்ளே வந்து ஓட்டைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். இரண்டு எட்டு வைத்ததும் கட்டில் முழங்காலில் இடித்தது. ஜமக்காளத்தைத் தடவியபடி மெல்ல உட்கார்ந்தார்.

"பெரிய ஊடுதான் அம்மணி" என்றார்.